ஏழு ஐம்பத்திரண்டு

அப்பாவின் தலைமுடியை இடப்பக்கம் வகிடெடுத்துச் சீவிக்கொண்டிருந்தாள் மகள். வலப்பக்கம் எடுத்தால் அவருக்குப் பிடிக்காது. உயிரோடு இருந்திருந்தால் சீப்பைப் பிடுங்கியிருப்பார்.

அலமாரியின் மேல் கிடந்த அப்பாவின் போன் ஒருமுறை சிணுங்கியது.

துக்கச் செய்தி கேட்டு யாரோ அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்து எடுத்தாள். படித்தாள். சீப்பு பாதித் தலையிலேயே நின்றுவிட்டது.

'ஊழியர் எண் 318. தங்கள் வருகை காலை 7.52-க்குப் பதிவானது. இன்றைய பணி சிறக்கட்டும்.'

ஊழியர் எண் 318 அவள் முன்னால் பெஞ்சில் படுத்திருந்தார். மூச்சு நின்று இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து, கண் இமையைத் தூக்கிப் பார்த்து, ஐந்து பத்து என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அதுகூடப் பரவாயில்லை. அப்பா வேலையை விட்டே ஐந்து மாதம் ஆகிறது.

ராஜினாமாக் கடிதம் எழுதியதே அவள்தான். அட்டைப்பெட்டிக் கம்பெனி, பசை மெஷின் பிரிவு, இருபத்தாறு வருட சர்வீஸ், உடல்நிலை காரணமாக விலகுகிறேன் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டுக் கொடுத்தாள். நடந்துபோய்க் கொடுக்கத் தெம்பில்லை என்று அதைக் கூட வேலை பார்க்கும் கோந்து மாமாவிடம் கொடுத்தனுப்பினார். அத்தோடு அந்தக் கம்பெனிக்கும் அவருக்கும் தொடர்பு அறுந்தது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

கட்டைவிரலால் திரையை மேலே தள்ளினாள். நேற்று, 7.52. முந்தாநாள், 7.51. அதற்கு முந்தின நாள், 7.52. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரவில்லை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்த ஒன்பது நாளிலும், ஞாயிறு நீங்கலாக, அப்பா ஒரு நிமிடம் பிசகாமல் வேலைக்குப் போயிருந்தார்.

நடுநடுவே வேறொரு செய்தியும் இருந்தது. மாதக் கடைசியில், பாங்கிலிருந்து. சம்பளம் வரவு வைக்கப்பட்டது. ஐந்து முறை.

பணம் எடுத்ததாக ஒரு செய்திகூட இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில், பாதிப் பணம் முன்னதாகக் கட்டினால் ஆபரேஷனுக்குத் தேதி தருகிறோம் என்றார்கள். அவள் பில் போடும் துணிக்கடை முதலாளியிடம் நின்றாள், சீட்டுக் கம்பெனியில் நின்றாள், பேச்சு விட்டுப்போன சித்தப்பா வீட்டு வாசலில்கூட நின்றாள். எங்கும் பணம் புரளவில்லை. அப்போது அப்பாவைக் கேட்டதற்கு, "என்கிட்ட ஏதும்மா" என்று கைகளை விரித்தார். அந்தப் பாதிப் பணமும், அதற்கு மேலும், அவர் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

செத்துப் போனவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

"அது வந்துடுச்சா?" என்றாள் அம்மா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் இவள் கையிலிருந்த போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதும்மா?"

"தினம் காலையில ஒரு சத்தம் வருமே. அது வந்தாத்தான் உங்கப்பா டீ குடிப்பாரு. அதுவரைக்கும் நாற்காலியில வெறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, எட்டாச்சுன்னு சொல்லுதும்பாரு."

மகள் டாக்டர் சீட்டின் மேல் போனைக் கவிழ்த்து வைத்தாள். வெளியூரில் படிக்கும் தம்பி மூன்று மணிக்குள் வந்துவிடுவான். நான்கு மணிக்கு வண்டி சொல்லியிருந்தது.

பத்து மணிக்குக் கோந்து மாமா வந்தார்.

அவருக்கு அந்தப் பெயர் பசை மெஷினால் வந்ததா, அப்பாவோடு ஒட்டிக்கொண்டு திரிந்ததால் வந்ததா என்பது யாருக்கும் தெரியாது. மெஷினுக்கு இந்த முனையில் அப்பா அட்டையைத் தள்ளுவார். பசை தடவி, மடிந்து, அந்த முனையில் வெளியே வரும் பெட்டியை மாமா பிடிப்பார். இருபது வருடத்துக்கு மேல் இருவரும் எதிரும் புதிருமாக நின்றவர்கள். மெஷின் சத்தத்தில் பேச முடியாததால் புருவத்தாலேயே பேசக் கற்றவர்கள்.

மாமா பெஞ்சின் அருகே நின்றார். அழவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து, பழக்கதோஷத்தில், ஒரு புருவத்தை உயர்த்தினார். பதில் வராததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, போனைக் கண் முன்னால் நீட்டினாள்.

"இது யாரு மாமா?"

அவர் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கம்பெனி கார்டை எடுத்தார். மூலையெல்லாம் தேய்ந்துபோன அப்பாவின் போட்டோ. அதன் பின்னாலேயே நான்காய் மடித்து, வியர்வையில் பழுத்துப்போன ஓர் உறையும் வந்தது. அவள் கையெழுத்து. அவள் ஒட்டிய உறை. பிரிக்கப்படவே இல்லை.

"குடுக்கலையா?"

"குடுக்கத்தான் போனேன்மா. ஆபீஸ் கதவு வரைக்கும் போனேன். குடுத்தா நாளைக்கு அந்த முனையில வேற எவனோ நிப்பானேன்னு இருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சுக் குடுப்போம், அதுக்குள்ள உடம்பு தேறி வந்துட்டார்னா என்ன பண்றதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

கார்டு எப்படி அவரிடம் என்று கேட்டாள். மாமா அவளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார், இதுகூடத் தெரியாதா என்பது போல.

"உன்னாலதான்."

அவள் முதல் வகுப்பில் சேர்ந்த வருடம் ஆரம்பித்ததாம். பள்ளிக்கூட மணி அடிப்பதும் கம்பெனி வாசல் அடைப்பதும் ஒரே நேரம். அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்பா பின்பக்க ஷட்டர் வழியாகப் பதினைந்து நிமிடம் தாமதமாக உள்ளே வருவார். அவருக்கும் சேர்த்து மாமா வாசல் மெஷினில் வருகை அட்டையை அழுத்திவிடுவார். அவள் படித்து முடித்தாள். வாசல் மெஷின் இரண்டு தடவை மாறியது. அட்டை போய் கார்டு வந்தது. அப்பா நேரத்துக்கு வரவும் தொடங்கிவிட்டார். பழக்கம் மட்டும் மாறவில்லை. அப்பா பக்கத்திலேயே நிற்கும்போதும் இரண்டு கார்டையும் மாமாதான் தட்டுவார். ஷெட்டில் அதை வைத்துக் கிண்டல் செய்வார்களாம், இவருக்கு மட்டும் டபுள் சம்பளம் போடுங்கப்பா என்று.

"இவர் வேலைய விட்ட மறுநாள் என் கார்டைத் தட்டினேன். கை அதுபாட்டுக்குப் பையில போயி அடுத்த கார்டை எடுத்துத் தட்டிடுச்சு. சத்தியமா நான் தட்டலம்மா. கை தட்டுச்சு."

மெஷினில் ஆள் குறைந்தால் மேஸ்திரி தினக்கூலிக்கு ஒருவரை நிறுத்திக்கொள்வார். 318 நீண்ட லீவில் இருப்பதாக ஷெட்டில் பேச்சு. ஆபீஸுக்குத் தெரிவதெல்லாம் வாசல் மெஷின் சொல்வது மட்டும்தான். அது 318 வந்துவிட்டார் என்றது. சம்பளம் போய்க்கொண்டே இருந்தது.

முதல் மாதச் சம்பளம் விழுந்த அன்றே அப்பா ஆட்டோ பிடித்துக் கம்பெனி வாசலுக்கு வந்து, வெளியே நின்று, மாமாவைக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறார். உழைக்காத காசு எனக்கு எதுக்குடா என்று. திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆனால் எப்படி வந்தது என்று கேட்பார்களே. சொன்னால் மாமாவின் வேலை போகும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கையில் கையை வீசிக்கொண்டு வெளியே நிற்பார். ஆகவே அப்பா அதைக் கொடுக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

"நிறுத்தறேன்னு நானும் தலையை ஆட்டினேன். மூணு தடவ ஆட்டினேன். அதுக்குள்ள ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். அதுக்கப்புறம் கை தட்டல. நான்தான் தட்டினேன். இதையாவது எடுத்துப் போட்டுப் பொழைச்சுக்கோயான்னு கெஞ்சினேன். உங்கப்பன் என்ன சொன்னான் தெரியுமா?"

கல்லின் மேல் கார்டையும் உறையையும் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து, அழுக்கே இல்லாத கையைக் கழுவினார்.

"இன்னைக்கு எதுக்கு மாமா? அப்பா போயிட்டார்னு ஆறு மணிக்கே உங்களுக்குச் சொன்னேனே."

"கேட்டேனே. கேட்டுட்டுத்தான் கிளம்பினேன். லீவு சொல்லத்தான் கம்பெனி வாசலுக்குப் போனேன்." தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. "தட்டலேன்னா, இன்னைக்கு அவன் வரலேன்னு ஆயிடும்ல."

அவள்தான் குழாயை மூடினாள்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. கம்பெனியின் சம்பளப் பிரிவு அதிகாரி. பின்னால் ஷெட்டிலிருந்து நான்கு பேர், ஒரு மலர்வளையம். அதிகாரி வளையத்தை வைத்துவிட்டு மகளைத் தனியே கூப்பிட்டார். ஃபைல் கொண்டுவந்திருந்தார். மனிதர் கெட்டவரல்ல. உண்மையாகவே ஏதோ நல்லது செய்கிற அவசரத்தில் இருந்தார்.

"சர்வீஸ்ல இருக்கும்போதே போயிட்டார். அதுல உங்களுக்கு ஒரு தொகை உண்டு. இன்னொண்ணு சொல்றேன், கவனமா கேளுங்க. இன்னைக்குக் காலையில ஏழு ஐம்பத்திரண்டுக்கு உள்ள வந்திருக்கார். வந்த இடத்துல முடியாமப் போயி, வீட்டுக்குத் திரும்பி வந்து இறந்திருந்தார்னா, அது வேலையில இறந்த மாதிரி. தொகை நாலு மடங்கு. வீட்ல ஒருத்தருக்கு ஆபீஸ்லயே வேலை. டாக்டர் சீட்டு அப்புறம் வாங்கிக்கலாம். நேரத்தை மட்டும் சொல்லுங்க, எழுதிக்கறேன். எத்தனை மணிக்குப் போனார்?"

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்.

நான்கு மடங்கு. ஆபீஸில் நாற்காலி. துணிக்கடையில் பகல் முழுக்க நின்று நின்று வீங்கும் கால். தம்பியின் கடைசி வருட ஃபீஸ். ஒன்பது பத்து என்று சொன்னால் போதும். மாமாவும் தப்பித்துக்கொள்வார். டாக்டர் தெரிந்தவர்தான்.

அதிகாரியின் தோளுக்குப் பின்னால் கோந்து மாமா நின்றிருந்தார். அவர் புருவம் உயர்ந்தது. சொல்லிடு, என்றது. அவளுக்கும் அந்தப் பாஷை புரியும் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். தலை பாதிதான் சீவியிருந்தது. காலையிலிருந்து அப்படியே கிடக்கிறது. வகிடு நெற்றியிலிருந்து கிளம்பி நடுவழியில் காணாமல் போயிருந்தது.

ஐந்து மாதம் தினம் காலையில் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து, தான் வேலைக்குப் போய்விட்டதாக வரும் செய்திக்குக் காத்திருந்த மனிதர். இன்று வராமல் இருக்கட்டும் என்று காத்திருந்தாரா, வரட்டும் என்று காத்திருந்தாரா? இனிக் கேட்க முடியாது.

"அஞ்சு பத்துக்கு சார்," என்றாள்.

அதிகாரி எழுதப் போனவர் நிமிர்ந்தார். "விடியக்காலைலயா?"

அவள் அலமாரியிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினாள். கூடவே அந்தப் பழுத்த உறையையும்.

"அப்பா வேலைய விட்டு அஞ்சு மாசமாச்சு. இந்த லெட்டர் உங்க கைக்கு வந்து சேரல. பணம் வந்துக்கிட்டே இருந்துச்சு. தொடல. நாளைக்குக் கட்டிடறேன்."

அதிகாரி உறையைக் கிழித்துப் படித்தார். தேதியை மறுபடி படித்தார். கழுத்தில் வியர்த்தது.

"அப்ப இன்னைக்குக் காலையில கார்டைத் தட்டினது யாரு?"

ஷெட் ஆட்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். தரையில் ஒன்றுமில்லை. கோந்து மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

அவர் வாய் திறப்பதற்குள் அவள் கார்டை நீட்டினாள். "கார்டு எங்க வீட்லதான் சார் இருக்கு."

அது பொய் இல்லை.

அதிகாரி கார்டைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார், பிறகு வெகுநேரம் தன் பேனாவைப் பார்த்தார். வராத ஆளுக்கு ஐந்து மாதம் சம்பளம் போட்டுக் கையெழுத்திட்டவர் அவர். பேனாவை மெதுவாக மூடினார்.

"அந்த கேட் மெஷின் ஒரு வருஷமாவே சரியில்ல," என்றார் பொதுவாக.

ஷெட் ஆட்களில் ஒருவர், ஆமாம் சார், மழை பெய்தால் அது தானாகவே கத்தும் என்றார். மழை பெய்து மாதக்கணக்காகிறது. யாரும் அதைச் சொல்லவில்லை.

கார் போனதும் அவள் சீப்பை எடுத்து மீதி வகிட்டை எடுத்து முடித்தாள்.

மறுநாள் காலை அம்மா செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கூட்டுக் கணக்கு என்பதே அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அடுப்பைப் பற்றவைக்காமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே எப்ப டீ போடறது?" என்று கேட்டாள்.

மகள் அந்தப் போனையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். செக்கையும் கார்டையும் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும்.

கம்பெனி வாசலில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு சிணுங்கல், ஆளுக்கொரு பச்சை விளக்கு. அவள் எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்றாள். வரிசையில் கோந்து மாமா வந்தார். இடது கக்கத்தில் சாப்பாட்டுப் பை. அவளை அவர் பார்க்கவில்லை.

தன் கார்டைத் தட்டினார். சிணுங்கியது. பச்சை.

அவர் நகரவில்லை. வலது கை சட்டைப் பைக்குள் போனது. உள்ளே எதையோ தேடி, வெளியே வந்தது. விரல்கள் எதையோ பிடித்திருப்பது போலக் குவிந்திருந்தன. அந்தக் கையைக் கொண்டுபோய் மெஷினின் மேல் வைத்தார்.

மெஷின் சத்தம் போடவில்லை. கை அங்கேயே இருந்தது.

அவள் கைப்பையில் போனும் சும்மா இருந்தது.

மாமாவின் பின்னால் வரிசை அப்படியே நின்றது. நகருங்க என்று யாரும் சொல்லவில்லை.