உறை கசங்காத மிஷின்

தெர்மாமீட்டர் கீச் கீச்சென்று கத்தியது. மெக்கானிக் அதை அக்குளில் இடுக்கியபடியே ஆஸ்பத்திரிக் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, கேக்கலையா?" என்றாள் மனைவி.

"என்னது?"

அவள் அவர் காதருகே குனிந்தாள். வண்டி தூரத்தில் வரும்போதே இன்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடும் காது அது. அந்தக் காதுதான் வீட்டில் உலை ஏற்றியது.

"காசநோய்க்கு ஊசி போட ஆரம்பிச்சதுலேர்ந்தே காதுல இரைச்சல். நீ பயப்படுவேன்னு சொல்லல."

"நல்லா வாய மூடிட்டு இருந்தீங்க, போங்க!"

நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தாள். மனைவி குறுக்கே நின்றாள்.

"இந்த ஊசி காதக் கெடுக்கலாம், அப்பப்போ டெஸ்ட் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரே. யாரு பண்ணா?"

நர்ஸ் தலைகுனிந்தாள். "மிஷின் இருக்குக்கா. எனக்கு அத இயக்கவும் தெரியும். கெட்டுப்போயிடும்னு ஸ்டோர் அண்ணன் பூட்டியே வச்சிருக்காரு."

மனைவி ஸ்டோருக்குப் பாய்ந்தாள். நர்ஸும் பின்னாலேயே வந்தாள். பொறுப்பாளர் மிஷினின் உறையைத் தடவினார். "வாங்குனப்போ இருந்த மாதிரியே இருக்கு பாருங்கம்மா. ஆளாளுக்குத் தொட்டா வீணாப்போயிடும்."

"எங்க வீட்டுக்காரர் காது வீணாப்போனா பரவாயில்லையாய்யா? இதுக்குப் பொட்டு வச்சுக் கும்பிடவா வாங்குனாங்க?"

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். "ஊசி போட்டாச்சா?"

"இல்ல சார்," என்றாள் நர்ஸ். குரல் நடுங்கியது. "காதப் பாக்காம நான் போட மாட்டேன்."

மனைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கடவுள் சில நேரம் இப்படி நடுங்குகிற குரலில்தான் பேசுகிறார்.

டாக்டர் உறையைக் கழற்றச் சொன்னார். மெக்கானிக்கை அங்கேயே வரவழைத்து, கதவைச் சாத்திப் பரிசோதித்தார்கள். கனத்த ஒலிகளுக்கு மெக்கானிக் கை தூக்கினார். மெல்லிய கீச்சொலிகளுக்குக் கை மடியிலேயே கிடந்தது.

"போனது திரும்பி வராதும்மா," என்றார் டாக்டர். "மிச்சத்தக் காப்பாத்தப் பாக்கலாம். ஊசிய நிறுத்திட்டு வேற மருந்துக்கு மாத்துறேன். முன்னாடியே பாத்திருக்கணும். தப்புதான்."

பொறுப்பாளர் உறையை எடுத்து மறுபடி மிஷினை மூடப் போனார். மனைவி அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இது எங்க பட்டறையில கிரீஸ் துடைக்க ஆகும்."

பிறகு நர்ஸின் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினாள்.

"அடுத்த கட்டில் ஆளக் கூப்பிடும்மா. அவருக்கும் இதே ஊசிதானே?"