சங்கத்தின் தேடல் பெட்டி

பேருந்துத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரை டிப்போவில் எல்லாரும் 'அலமாரி' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல. எந்த ஒப்பந்தம் எந்த வருடம் போட்டது, எந்தச் சுற்றறிக்கையில் எந்த விதி இருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. காலையில் அவர் பல் துலக்கி முடிப்பதற்குள் வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். ஒருவருக்கு விடுப்பு விதி வேண்டும், இன்னொருவருக்குச் சீருடைப் படி. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி, "அது இருக்கு" என்பார். அல்லது, "அப்படி ஒண்ணு இல்லை" என்பார். அவர் இல்லை என்றால் இல்லைதான். மேல்முறையீடு கிடையாது.

அவருடைய மருமகள் வீட்டிலிருந்தபடியே வலைத்தளங்கள் செய்து கொடுக்கும் வேலையில் இருந்தாள். செயற்குழு கேட்டுக்கொண்டதால் சங்கத்தின் வலைத்தளத்தையும் காசு வாங்காமல் பார்த்துக்கொண்டாள். பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து ஏற்றியதும் அவள்தான். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க சங்கத்துல ஒளிவு மறைவே கிடையாது, எல்லாம் வெப்சைட்ல கிடக்கு" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். கிடந்தது உண்மைதான். படங்களாகக் கிடந்தது. கோப்பு ஒன்று, கோப்பு இரண்டு என்று ஆயிரத்தைத் தாண்டி ஓடும் வரிசை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க வேண்டும். அதனால் ஆட்கள் வாசலில்தான் நின்றார்கள்.

ஒரு நாள் காலை ஒரு பெண் நடத்துனர் வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஒரு கை இடுப்பை விட்டு எடுக்கவில்லை.

"அண்ணா, பஸ்ல நின்னு டிக்கெட் போட முடியலை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் உயிர் வருது. டிக்கெட் கவுண்டர்ல ஒரு இடம் காலியாகுதாமே, அதைக் கேட்டேன். மேனேஜர், விதி இருந்தா கொண்டா, நாளைக்கே போடறேன்னு சொல்லிட்டார்."

செயலாளர் கண்ணை மூடினார். திறந்தார். "அப்படி ஒண்ணு இல்லம்மா."

"முன்னால ஒரு அக்காவுக்குக் கொடுத்தாங்களே."

"அது அப்ப இருந்த மேனேஜர் மனசு வச்சுச் செஞ்சது. விதின்னு இல்லை."

அந்தக் கவுண்டர் இடத்தைச் சங்கத் தலைவரின் மைத்துனருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நடத்துனர் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஒருவேளை வெப்சைட்ல இருக்குமோ?"

"இருந்தா அங்கதான் இருக்கணும்."

"நானும் டீ குடிக்கிற நேரத்துல போன்ல ஒவ்வொண்ணாத் திறந்து பாக்கறேன். இப்பதான் நூறைத் தாண்டியிருக்கேன். பிரசவத்துக்கு முன்னாடி முடிஞ்சா சரி." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரிசையை அடுக்கியது அவள் கைதான்.

அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தாள்.

"மாமா, நம்ம வெப்சைட்ல தேடுற வசதி போடப் போறேன். ஒரு வார்த்தை தட்டினா, அது எந்தெந்தக் காகிதத்துல இருக்கோ எல்லாம் வந்து நிக்கும்."

"எதுக்கு? நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். என்னைக் கேட்டாப் போதாதா?"

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

"வராது."

"மறந்துட்டா?"

அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார். "அதெல்லாம் வேண்டாம். பேச்சை விடு."

மேசைக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் கண்ணால் ஜாடை காட்டினான். டிப்போவில் எஞ்சினைப் பிரித்து மேய்கிறவன், அப்பா முன்னால் தட்டிலிருந்து தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்க மாட்டான். அவள் பேச்சை விட்டாள். வேலையை விடவில்லை.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளை ஓட்டினாள். பழைய தட்டச்சு எழுத்தைப் பார்த்து அது திணறியது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் உளறியது. முத்திரை மை படிந்த இடங்களில் வெறும் புள்ளிகளைக் கக்கியது. அவள் மத்தியானங்களில் உட்கார்ந்து, படத்தை ஒரு பக்கமும் எழுத்தை ஒரு பக்கமும் வைத்து, முக்கியமான ஒப்பந்தங்களையெல்லாம் வரிவரியாகத் திருத்தினாள். அதற்குப் பிறகும் வம்பு தீரவில்லை. 'ஒப்பந்தம்' என்று தட்டினால் 'ஒப்பந்தத்தின்படி' என்றிருந்த காகிதம் வரவில்லை. சொல்லின் வாலை வெட்டி அடிச்சொல்லை மட்டும் பிடிக்கும்படி செய்தாள். ஆட்கள் லீவு என்பார்கள், காகிதம் விடுப்பு என்றது. ஆட்கள் ஓவர்டைம் என்பார்கள், காகிதம் மிகைநேரப் பணி என்றது. அந்த ஜோடிகளையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினாள்.

எல்லாம் முடிந்து, பக்கத்தின் உச்சியில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து உட்கார்ந்தது. அவள் முதல் வேலையாக நடத்துனருக்குப் போன் செய்தாள்.

"வெப்சைட்டைத் திற. மேல ஒரு பெட்டி இருக்கு பாரு. உனக்கு என்ன வேணுமோ அதை அதுல தட்டு."

"கர்ப்பிணின்னு போட்டேன் அக்கா. ஒண்ணும் வரலையே."

மருமகள் யோசித்தாள். அந்தக் காலத்துக் குமாஸ்தா அப்படி எழுதியிருக்க மாட்டார். 'கருவுற்ற', 'மகப்பேறு' இரண்டையும் அந்தச் சொல்லோடு சேர்த்தாள். "இப்பத் தட்டு."

மறுமுனையில் பேருந்துகளின் ஹாரனுக்கு நடுவே நடத்துனர் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "கருவுற்ற பெண் பணியாளர் விண்ணப்பித்தால், ஐந்தாம் மாதம் முதல் அமர்ந்து செய்யும் பணி வழங்கப்படும். அக்கா, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கு."

"யார் போட்டது?"

"சங்கத்துக்காக உங்க மாமாதான்."

மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டு நாளில் நடத்துனர் கவுண்டரில் உட்கார்ந்தாள். தலைவரின் மைத்துனர் பேருந்திலேயே நின்றார்.

செயலாளர் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"வெப்சைட்டை என் பொறுப்புல விட்டது செயற்குழு மாமா. எல்லாரும் பாக்கணும்னு சொன்னது நீங்க."

"பாக்கச் சொன்னேன். நோண்டச் சொன்னேனா? டிப்போ முழுக்க என் மூக்கை அறுத்துட்டே. நான் இல்லைன்னு சொன்னதை ஒரு பொண்ணு போன்ல காட்டறா."

"நீங்க இருக்குன்னு சொல்லியிருந்தா காட்டியிருக்க மாட்டாளே."

"எடுத்துடு அதை."

"எடுக்க மாட்டேன்."

வீட்டில் யாரும் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கணவன் அவளை அறைக்குள் கூப்பிட்டான். "கொஞ்ச நாளைக்கு எடுத்து வச்சா என்ன? அப்பா ஆறட்டும்."

"உங்க அப்பா ஆறுறதுக்குள்ள இன்னொருத்திக்குக் குழந்தை பிறந்துடும். நீங்க வேணும்னா அவர் பக்கம் நில்லுங்க. நான் சண்டைக்கு வரலை. ஆனா அதை எடுக்க மாட்டேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்காமல் சொன்னாள். "இந்த வீட்டுல அவர் கண்ணாடி எங்கேன்னு நான்தான் சொல்லணும். ஊர் விதியெல்லாம் ஞாபகமாம்." பிறகு அடுத்த சட்டையை எடுத்தாள். இந்த விஷயத்தில் அவள் பேசியது அவ்வளவுதான்.

மாதக் கூட்டத்தில் செயலாளர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தேடும் வசதிக்குப் பாஸ்வேர்டு போட வேண்டும், அது செயலாளரிடம் இருக்க வேண்டும். டிப்போ மாடியில், மின்விசிறி கரகரத்துக்கொண்டிருந்த அறையில், மருமகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கவுண்டர் வேலை முடிந்து நடத்துனரும் வந்திருந்தாள்.

"நிர்வாகத்துக்காரனும் இதுல தேடுவான்" என்றார் செயலாளர். "நம்ம பலவீனமெல்லாம் அவன் கையில போயிடும். அதுவும் போக, எழுத்துப் பிழை நிறைய இருக்கு. தப்பாப் படிச்சு ஒருத்தன் மாட்டிக்கிட்டா யார் பொறுப்பு?"

மருமகள் எழுந்தாள்.

"பிழை இருக்கு, இல்லைன்னு சொல்லலை. அதுக்குத்தான் பக்கத்துலயே அசல் படத்தையும் வச்சிருக்கேன். நிர்வாகம் தேடும்னு சொல்றீங்க. அவங்ககிட்ட வக்கீல் இருக்காங்க, ஆபீஸ் இருக்கு, எது எங்க இருக்குன்னு அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது நமக்குத்தான். பூட்டுப் போட்டா அவங்களுக்கு நஷ்டமில்லை."

"அப்ப நான் வேண்டாம்னு சொல்றியா?"

"நீங்க வேணும் மாமா. உங்களைக் கேக்காம யாரும் எதுவும் தெரிஞ்சுக்கக் கூடாதுங்கறதுதான் வேண்டாம்." அவள் தலைவரைப் பார்த்தாள். "தீர்மானம் போடறது உங்க உரிமை. ஆனா என் கையால பூட்ட மாட்டேன். பூட்டணும்னா வேற ஆளைப் பாருங்க."

நடத்துனர் நாற்காலியைப் பிடித்து எழுந்து, "இதுக்குக் கை தூக்கறவங்க, நான் இன்னும் பஸ்ல நின்னிருக்கணும்னு நினைக்கறவங்கன்னு எடுத்துக்கறேன்" என்றாள்.

தீர்மானத்துக்கு ஆதரவாக மூன்று கைகள் எழுந்தன. அதில் ஒன்று பாதியிலேயே இறங்கித் தலையைச் சொறிந்தது. தலைவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிராகப் பல கைகள் எழுந்தன; அவற்றோடு அவள் கணவனின் கையும் எழுந்தது, முழங்கை மடிந்தபடி, ஆனால் எழுந்தது.

பெட்டி அங்கேயே இருந்தது. செயலாளர் பதவியிலேயே இருந்தார். வீட்டில் மருமகளோடு பேசுவதை மட்டும் நிறுத்தினார். உப்பு வேண்டுமென்றால்கூட மனைவி மூலம் கேட்டார். காலையில் வாசலில் கூட்டம் குறைந்தது. வந்தவர்களும், "இந்த விதி இருக்குன்னு பார்த்துட்டேன், மேனேஜர்கிட்ட எப்படிப் பேசறது?" என்று கேட்டு வந்தார்கள். அது அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடு மேனேஜர் அறைக்கே போக ஆரம்பித்தார். அங்கே அவர் குரல் கீழே பணிமனை வரைக்கும் கேட்டதாகக் கணவன் வந்து சொன்னான்.

அடுத்த மாதம் குடிநீர் ஊழியர் சங்கத்திலிருந்து மருமகளுக்குப் போன் வந்தது. அவர்களுடைய வலைத்தளத்திலும் இதே மாதிரி செய்துதர வேண்டும் என்றார்கள். மத்தியானச் சாப்பாட்டில் அவள் அதைக் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த செயலாளர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தச் செயலாளர் என்னைவிட மோசம். அவ்வளவு லேசுல விட மாட்டான்."

"விடாட்டி நானும் விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.