வேன்காரரின் காது

வேன்காரருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். பக்கத்து வீட்டில் கரண்டி கீழே விழுந்தால், அது சின்னதா பெரியதா என்றுகூடச் சொல்லிவிடுவார். ஆனாலும் கொஞ்ச நாளாக அவர் செவிடர். யாரும் அவரைச் செவிடாக்கவில்லை, அவராகவே ஆகிக்கொண்டார்.

தொழில் சலவை. நாலைந்து லாட்ஜ்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் இவர்கள் கொட்டகைக்குத்தான் வரும். வெளுத்து, இஸ்திரி போட்டு, மூட்டை கட்டித் திரும்பப் போகும். வண்டி ஓட்டுவது அவர், மூட்டையை எண்ணி இறக்குவது அவர் மனைவி. லாட்ஜ் என்றால் முன்பக்கம் கண்ணாடியும் பூந்தொட்டியுமாக இருக்கும். துணி போகும் வழி மட்டும் பின்பக்கச் சந்து. இரண்டு பக்கமும் சுவர், கடைசியில் மூட்டை இறக்கும் சிமெண்ட் மேடை. வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் உள்ளே போக முடியும். மனைவி இறங்கிப் பின்னால் நின்று, வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். கத்திக் கூப்பாடு போடுகிற வேலையெல்லாம் கிடையாது. இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவள் கை சொன்னால் அவர் கால் கேட்கும், அவ்வளவு பழக்கம்.

அன்றைக்கு ஒருவழிப்பாதையில் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்ததில் நேரமாகிவிட்டது. அவர் வழி கேட்க மாட்டார். வழி கேட்டால் தலையில் இருக்கும் கிரீடம் கழன்று விழுந்துவிடும் என்று நினைக்கிற ஜாதி. லாட்ஜ் மேனேஜர் வாசலிலேயே பிடித்துக்கொண்டு கத்தினார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "என்ன சார் பண்றது, இவர நம்பி ஏறுனா டிக்கெட் இல்லாம ஊர் சுத்திப் பாக்கலாம்."

மேனேஜர் சிரித்தார். துடைப்பம் பிடித்திருந்த ஆளும் சிரித்தான். அங்கேதான் வேன்காரருக்குச் சுருக்கென்று தைத்தது.

சந்துக்குள் வண்டியைப் பின்னால் எடுத்தார். ஒரு தட்டு. இன்னொரு முறை ஒரு தட்டு. பிறகு இரண்டு தட்டு. கேட்டது, தெளிவாகவே கேட்டது. 'கொஞ்சம் பயப்படட்டும், என்னைப் பார்த்துச் சிரிச்சவதானே' என்று மனசு சொன்னது, காலும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பிரேக்கின் மேலே சும்மா நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. ஒரு மூச்சு நேரம் இருக்கலாம். அதற்குள் வண்டிக்கும் மேடைக்கும் நடுவே அவள் இடது கை நசுங்கிவிட்டது.

ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்தபோது, வாயில் முதலில் வந்தது, "கேக்கலயே! எனக்குக் கேக்கவே இல்லயே!" என்பதுதான். அழுதுகொண்டேதான் சொன்னார். அழுகை நிஜம், சொன்னது பொய்.

எலும்பு விரிசல் என்றார்கள். மாவுக்கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து கையைத் தாங்கத் தூளி கட்டி அனுப்பினார்கள். பொய்க்கு ஒரு குணம் உண்டு. சொன்னவனையே வேலைக்காரனாக வைத்துக்கொள்ளும். கேட்கவில்லை என்று ஒரு தடவை சொன்னவர் அதற்குப் பிறகு எதுவும் கேட்காதவராகவே இருக்க வேண்டியதாயிற்று. யார் கூப்பிட்டாலும் "என்ன?" என்றார். டிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்தார். மாமியார் அடுக்களையில், "செவிட்டுக் காத வச்சுக்கிட்டு என் பொண்ணு மேலயே வண்டிய ஏத்திட்டாரே" என்று புலம்பியதை, ஒரு எழுத்து விடாமல் கேட்டுவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. "பாவம், இஞ்சின் சத்தத்துலயே இருந்து இருந்து காது போயிருக்கு, நான்தான் கவனிக்கல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அவர் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்த்து, உரக்கப் பேசக் கற்றுக்கொண்டாள். தொண்டை கட்டிப்போனது. ஒற்றைக் கையால் அவர் தலையைச் சாய்த்துப் பிடித்து, நல்ல காதில் தினமும் சொட்டு மருந்து விட்டாள். ஒவ்வொரு சொட்டும் உள்ளே இறங்கும்போது வேன்காரருக்குக் கொதிக்கிற எண்ணெய் இறங்குவது போலிருந்தது.

பிறகு காது டாக்டரிடம் போக நாள் குறித்தாள். அங்கேதான் அவருக்குக் கிலி பிடித்தது. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, "ஒரு குறையும் இல்லயே" என்றால்?

"காத வச்சு என்ன பண்றது? வண்டிக்குப் பின்னாடி கேமரா மாட்டிட்டா முடிஞ்சுது. நீ பின்னாடி நிக்கவே வேணாம்" என்றார்.

தப்பிக்கச் சொன்னாரா, இனி அவள் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று நிஜமாகவே நினைத்துச் சொன்னாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைக்கு மூன்று பேராகப் போனார்கள். மனைவியின் தம்பி பைக்கில் வந்து சேர்ந்துகொண்டான். செலவு அடுத்தவருடையது என்றால் அவனுக்கு உற்சாகம் பொங்கிவிடும்.

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் திரைகளை வரிசையாக வைத்தார். உள்ளங்கை அளவில் ஒன்று, நோட்டுப் புத்தக அளவில் ஒன்று, சின்ன டிவி போல ஒன்று. "எல்லாத்துலயும் மூணும் ஒண்ணா வந்துடும் சார். மேப் வழி சொல்லும், ரிவர்ஸ் போட்டா தானா கேமரா வரும், மத்த நேரம் பாட்டு, படம், எது வேணாலும்."

"பெருசு எடுங்க மாமா!" என்றான் மைத்துனன். "மூட்டை இறக்குற நேரத்துல ஒரு படமே பாத்து முடிச்சிரலாம்."

"மூட்டைய நீ இறக்கு, அவரு படம் பாக்கட்டும்" என்றாள் அக்கா.

அவள் கேட்ட கேள்விகள் வேறு. மழையில் லென்ஸ் மேல் தண்ணீர் நின்றால் தெரியுமா? சந்துக்குள் வெளிச்சம் குறைவாக இருந்தால்? படம் உடனே வருமா, தாமதமாக வருமா? கடைக்காரர் அவளைச் சாதாரணமாகத்தான் நினைத்திருந்தார். இப்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். மலிவு விலைத் திரையில் படம் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும் என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப அது வேணாம்" என்றாள். "ஒரு நொடி தாமதமானாலும் என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும்." மாவுக்கட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

வேன்காரர் திரையின் பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருந்ததைப் படிப்பது போலக் குனிந்துகொண்டார்.

கடைக்காரர் வழி சொல்லும் குரலை ஓடவிட்டார். ஒரு பெண் குரல், வலது பக்கம் திரும்பச் சொன்னது. மைத்துனன் தொடையைத் தட்டினான். "மாமா, இனிமே உங்களுக்கு வழி சொல்ல ரெண்டு பேரு!"

"இவ நல்லவ" என்றாள் மனைவி. "எத்தன தடவ தப்பா போனாலும் சிரிக்க மாட்டா." பிறகு கடைக்காரர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினாள். "சத்தம் மட்டும் கொஞ்சம் கூட வைக்கிற மாதிரி இருக்கணுங்க. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். வெளிய சொல்லிக்க மாட்டாரு, சங்கடப்படுவாரு."

கடைக்காரர் சங்கடப்படுத்தாமல் இருக்க, ஒன்றும் தெரியாதவர் போல, ஒலியை ஒரேயடியாக ஏற்றினார். வலது பக்கம் திரும்பு என்று அந்தப் பெண் அலறியதில் தெருவில் போன ஒருவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். வேன்காரருக்கு மண்டை விண்ணென்று தெறித்தது. "இப்பக் கேக்குதாங்க?" என்று மனைவி ஆவலாக முகத்தைப் பார்த்தாள்.

"கேக்குது" என்றார். அவளுடைய அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

நடுத்தரத் திரையை மாட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கடையின் பக்கவாட்டு முற்றத்தில் வேனை நிறுத்தினார்கள். கடையின் எலக்ட்ரீஷியன் நம்பர் பிளேட்டுக்கு மேலே கேமராவை டேப் போட்டு ஒட்டி, ஒயரை உள்ளே இழுத்து, திரையை மைத்துனன் கையில் கொடுத்தார். "சும்மா ட்ரையல்தான். பீப் சத்தம் இன்னும் கொடுக்கல. படம் மட்டும் பாருங்க. பின்னாடி யாராவது நின்னீங்கன்னா தூரம் எப்படித் தெரியுதுன்னு புரியும்."

"ஒரு ஸ்டூல வைங்களேன்" என்றார் வேன்காரர், அவசரமாக.

"ஸ்டூல் எதுக்கு? நான் நிக்கிறேன்" என்று மனைவி நடந்துவிட்டாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நிக்கிற இடந்தானே!"

அவள் பயப்படாமல் போனதுதான் அவரைக் கொன்றது. காது கேட்காமல் நடந்த விபத்து என்று நம்புகிறவள், கேமரா இருக்கும்போது எதற்குப் பயப்படப் போகிறாள்? முற்றத்தின் சுவரை ஒட்டிப் போய் நின்றாள். மாவுக்கட்டு மார்போடு இருந்தது.

ரிவர்ஸ் கியர் போட்டார். திரையில் அவள் வந்தாள். குட்டையாக, வளைந்து, தலை கொஞ்சம் பெரிதாக. அவளுக்கு முன்னால் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். மெல்ல வண்டியை விட்டார். பச்சைக் கோட்டைத் தாண்டினாள். மஞ்சளுக்கு வந்தாள். வண்டி கொஞ்சம் திரும்பியதும் எதிர் வெயில் நேரே லென்ஸில் அடித்தது. திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது.

"ஐயோ."

கத்தவில்லை அவள். அவளுக்கே தெரியாமல் மூச்சோடு வந்த சொல் அது. வண்டியின் பின்பக்கம் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும், மனசு நம்பியதை உடம்பு நம்பவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்குக் கேட்கவில்லை. ஜன்னலோரம் நின்ற கடைக்காரருக்கும் கேட்கவில்லை. வேன்காரரின் கால் மட்டும் பிரேக்கைத் தரையோடு மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது.

"பாத்தீங்களா!" என்று கடைக்காரர் கையைத் தட்டினார். "கேமராவப் பாத்து எவ்வளவு கரெக்டா நிறுத்துனாரு!"

தப்பிக்க அது போதும். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே போதும். ஆனால் மைத்துனன் என்று ஒருவன் இருக்கிறானே, அவன் திரையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எல்லோருக்கும் காட்டினான். "இதுல என்ன இருக்கு? வெறும் வெள்ள! ஒண்ணுமே தெரியல. எப்படி மாமா நிறுத்துனீங்க?"

அவள் பின்னாலிருந்து நடந்து வந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நான் மெதுவாத்தானே சொன்னேன்" என்றாள். உரக்கப் பேசவில்லை. பழைய குரலில், எத்தனையோ வருஷமாக வீட்டுக்குள் பேசிய குரலில் பேசினாள்.

"என்ன?" என்றார் வேன்காரர். பழகிப்போன வாய், தானாகச் சொல்லிவிட்டது.

"வேணாங்க. இன்னொரு தடவ என்னன்னு கேக்காதீங்க."

கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார். எதுவோ வியாபாரத்தைத் தாண்டிவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது.

"அன்னைக்கு ரெண்டு தட்டும் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்ல இன்னும் ஒரு வழி இருக்கிறதா என்று மனசு அந்த நேரத்திலும் தேடியது. அப்படித் தேடியதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"கேட்டுச்சு."

"நிறுத்த முடியாமப் போச்சா?"

"இல்ல. முடியும். நீ அந்த ஆளு முன்னாடி என்னைக் கேலி பண்ணிட்டேன்னு... சும்மா பயமுறுத்தலாம்னு... இவ்வளவு ஆகும்னு சத்தியமா நெனைக்கல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்ல ஒரு இடம் கிடைத்திருக்கும். மாவுக்கட்டை வலது கையால் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், அது திடீரென்று கனத்துப்போனது போல.

"உங்களுக்குக் காது போச்சுன்னு நான் கோயில் கோயிலா வேண்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "கை வலிச்சப்பகூட, பாவம் அவரு கேக்காமப் பண்ணுனதுதானேன்னு நெனச்சு நெனச்சு ஆத்திக்கிட்டேன். அதையும் எடுத்துட்டீங்க."

கதவைத் திறந்து இறங்கப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். உடனே நின்றார்.

எலக்ட்ரீஷியன் பாவம், ஒன்றும் புரியாமல் ட்ரில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதையே மாட்டிடலாமா? வெயில் படாம கொஞ்சம் கீழ எறக்கி வச்சா சரியாயிடும்" என்றார்.

"மாட்டுங்க" என்றாள். "நல்லாத் தெரியுற மாதிரி மாட்டுங்க. இனிமே அவருக்குப் பின்னாடி நிக்க ஆள் இல்ல."

தம்பியிடம், "பைக்க எடு. அம்மா வீட்டுக்குப் போகணும்" என்றாள். அவன் திரையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினான். ஒற்றைக் கையால் அவன் தோளைப் பிடித்து ஏறி உட்கார அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. வேன்காரர் உதவப் போகவில்லை. போகிற தகுதி தனக்கு இல்லை என்று தெரிந்திருந்தது.

எலக்ட்ரீஷியன் பின்கதவில் துளை போட ஆரம்பித்தார். அந்த இரைச்சலுக்கு நடுவிலும், பைக் முற்றத்தை விட்டு இறங்கி, தெருவில் திரும்பி, தூரமாகப் போய்க்கொண்டே இருப்பது வேன்காரருக்குக் கேட்டது.