பெண் கேட்டு வராத இரண்டு வீடுகள்

"மிஷினு நின்னு போச்சுன்னா ஒடைஞ்சு போச்சுன்னு அர்த்தமுங்களா, மச்சான்?"

"ஒடையாது அம்மிணி. வெளக்கெல்லாம் எரியும், பேன் சுத்தும். திரையில படம் மட்டும் பாதியில நின்னுக்கும்."

"அப்பறம் எதுக்கு நிக்குது?"

"உள்ள ரெண்டு புரோகிராம் வேலை செய்யுது. ரெண்டுக்கும் மெமரியும் வேணும், திரையும் வேணும். ஒண்ணு மெமரியப் புடிச்சுக்கிட்டு, திரை கெடைச்சாத்தான் உடுவேங்குது. இன்னொண்ணு திரையப் புடிச்சுக்கிட்டு, மெமரி கெடைச்சாத்தான் உடுவேங்குது."

"சண்டையாக்கும்?"

"சண்டையே இல்ல. ரெண்டும் மரியாதையாக் காத்துக்கிட்டே இருக்கும். அதுதான் கஷ்டம்."

செல்லாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பனும் உங்கம்மாளுமாட்ட இருக்குதுங்க."

போன தைப்பொங்கல் நோம்பிக்கு மாமன் கந்தப்பனின் மாந்தோப்பில் நடந்த பேச்சு அது. பொள்ளாச்சியிலிருந்து ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஆறுமுகசாமி அதையே நினைத்துக்கொண்டு வந்தான். அன்று அவனும்தான் சிரித்தான். இன்று சிரிப்பு வரவில்லை.

அவன் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தான். கம்ப்யூட்டர் போடும் கணக்கைத் திரையில் படமாக வரையவைக்கும் புரோகிராமை எழுதுவது அவன் பொறுப்பு. அதற்கு டிரைவர் என்று பெயர். ஒரு தடவை அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லித் தொலைத்தான். படித்த பையன் மெட்ராஸில் லாரி ஓட்டுகிறான் என்று சொந்த ஊரான முதலமடை முழுக்கப் பேச்சாகிவிட்டது.

கந்தப்பன் அவன் அம்மா சரஸ்வதியம்மாளின் உடன்பிறந்த அண்ணன். எல்லைச் செக்போஸ்ட்டை ஒட்டிய கோவிந்தாபுரத்தில் தோப்பும் வீடும். அவர் மகள் செல்லாத்தாளை ஆறுமுகசாமிக்கும், ஆறுமுகசாமியின் தங்கை பூவாத்தாளை அவர் மகன் குப்பண்ணனுக்கும் பெண் மாற்றிக் கட்டுவது என்று பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதே பேச்சு. நால்வருக்கும் மனசு ஒத்துப்போனது. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆனாலும் மூன்று வருஷமாகக் கல்யாணம் ஓர் அடி நகரவில்லை.

மாப்பிள்ளை வீடுதான் முதலில் பெண் கேட்டுப் போக வேண்டும். கேட்காத வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தால் அவளாகத் தேடி வந்தவள் என்ற பேச்சு ஆயுசுக்கும் நிற்கும். வழக்கம் நல்ல வழக்கம்தான். பெண் மாற்றிக் கட்டும்போதோ இரண்டு வீடும் மாப்பிள்ளை வீடு, இரண்டு வீடும் பெண் வீடு. எந்த வீடு முதலில் கேட்டுப் போகிறதோ, அந்த வீட்டுப் பெண்ணை மற்ற வீடு பின்னால் வந்து கேட்டாலும் அது கணக்கில் சேராது; அவள் 'பதிலுக்கு வந்தவள்' ஆகிவிடுவாள். தூது போன பங்காளிகள் இரண்டு பக்கமிருந்தும் ஒரே பதிலைக் கொண்டுவந்தார்கள்: "அவங்க மொதல்ல வரட்டும். மக்யா நாளு விடிஞ்சதும் நாங்க போறோம்."

பகை என்று ஒன்றிருந்தால் பஞ்சாயத்து வைத்துத் தீர்க்கலாம். மாமன் கூடை கூடையாக மாம்பழம் அனுப்பினார். அம்மா மூட்டையில் கடலைக்காய் அனுப்பினாள். வார்த்தை மட்டும் எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே அம்மா சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கெழம உடுமலைக்காரங்க செல்லாத்தாளப் பொண்ணு பாக்க வர்றாங்களாமா."

அவன் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "நீ ஒரு எட்டுப் போய்க் கேட்டுப்போடும்மா."

"நா போறதுக்கு என்ன சாமி? அவன் என்ர கூடப் பொறந்தவன், அவன்கிட்ட எனக்கென்ன ரோசம்? ஆனா நா போனா, என்ர பூவாத்தா அந்த ஊட்டுல கேக்காம வந்தவளாயிருவாளே. அப்பனில்லாத புள்ளடா."

அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

பூவாத்தாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். "உங்க மிஷினு நின்னுக்கிச்சுன்னா என்னண்ணா பண்ணுவீங்க?"

"எங்க மேலதிகாரி வேதமுத்து சார் வந்து கரெண்ட நிறுத்திப்போடுவாரு. ரெண்டு புரோகிராமும் செத்து, திரும்ப மொதல்லருந்து ஆரம்பிக்கும். அதுவரைக்கும் போட்ட படமெல்லாம் போச்சு."

"அப்ப உடுமலைக்காரங்கதான் நமக்கு வேதமுத்து சாராக்கும்" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் அவன் குடிக்காத டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அண்ணா, அம்மாளப் போய்க் கேளுன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. கேக்காதேன்னு சொல்லவும் வரல."

என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாமலேதான் அவன் மறுநாள் கோவிந்தாபுரத்துக்குப் புறப்பட்டான்.

"வாங்க மாப்ள! லாரிய செக்போஸ்ட்டுல உட்டுப்போட்டு வந்தீங்களாக்கும்?" என்று கந்தப்பன் வரவேற்றார். உட்கார வைத்து, தன் கையாலேயே மாம்பழம் அரிந்து தட்டில் போட்டார். மழையைப் பற்றிப் பேசினார், பொள்ளாச்சி மார்க்கெட் விலையைப் பற்றிப் பேசினார். பிறகு அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தினார்.

"உடுமலை சேதி கேட்டிருப்பீங்க."

"கேட்டனுங்க மாமா."

"நா என்ன பண்றதுங்க மாப்ள? பொண்ணுக்கு வயசாகுது. என்ர தங்கச்சி வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"அம்மாளும் அதையேதானுங்க சொல்றாங்க."

"அவ சொல்றது ஞாயந்தான். பூவாத்தா கேக்காம இந்த ஊட்டுக்கு வந்தா, என்னைக்காச்சும் ஒரு நா என்ர பொண்டாட்டியே அதச் சொல்லிப்போடுவா. வாய் சும்மா இருக்காது. ஆனா அந்தப் பேச்ச என்ர செல்லாத்தா மட்டும் உங்க ஊட்டுல கேக்கோணுமா? நீங்களே சொல்லுங்க."

ஆறுமுகசாமிக்கு வேதமுத்து சார் ஞாபகம் வந்தார். அங்கே சென்னையில் இரண்டு புரோகிராமுக்கும் மேலே ஓர் ஆள் இருந்தார். அவர் கரெண்டை நிறுத்தினால் இரண்டும் பிடித்ததை விட்டுவிடும், கோபித்துக்கொள்ளாது. இங்கே அண்ணன் தங்கை இருவரையும் அதட்டக்கூடிய தாத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண் கலங்கியிருக்கிறது. வீட்டில் அம்மாவின் கண்ணும் இப்படித்தான் கலங்கியிருந்தது. யாரைப் பார்த்து 'விடு' என்பது?

"சரிங்க மாமா, வர்றனுங்க" என்று எழுந்தான்.

"சாப்புட்டுப் போலாமுங்க."

"இல்லீங்க, பஸ்ஸு போயிரும்."

உள் அறையில் வளையல் சத்தம் கேட்டு, சட்டென்று நின்றது. செல்லாத்தாள் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் வெளியே வரமாட்டாள், வரவும் கூடாது. வாசலில் செருப்பை மாட்டியவன் அதற்கு மேல் நகரவில்லை. கல்யாணம் ஆக வேண்டிய பையன் தனக்குத் தானே பெண் கேட்பது அந்தப் பக்கத்தில் கேள்விப்படாத சங்கதி. பெரியவர்கள் இல்லாத வீடா என்பார்கள். அம்மா முகம் கொடுத்துப் பேசமாட்டாள். பூவாத்தாளுக்கு என்ன பேர் வருமோ, அதுவும் தெரியவில்லை. மூன்று வருஷமாக நாக்கின் நுனிவரை வந்து திரும்பிப் போன வார்த்தை அது.

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி உள்ளே வந்தான். மாமன் நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா, என்னை ஆரும் அனுப்பல. எங்க ஊடு இன்னும் கேக்கல, நா எனக்காகக் கேக்க வந்தனுங்க. பூவாத்தாளக் கேக்கோணும்னு உங்க மனசுல இருந்தா, அவளுக்காக வந்து கேளுங்க. நா கேட்டதுக்குப் பதிலா வந்துடாதீங்க. வராமப் போனாலும் நா கேட்டது கேட்டதுதான்." உள் அறைப் பக்கம் திரும்பாமல் மாமனையே பார்த்தான். "செல்லாத்தாள எனக்குக் குடுங்க மாமா."