ஊசி மேல் போட்ட பழி

அண்ணன் தம்பி என்றால் சண்டை போட்டுக்கொள்ளலாம். மாமன் மச்சான் என்றால் கேலி செய்துகொள்ளலாம். சகலைகள் பாடுதான் திண்டாட்டம். அக்காவை ஒருவரும் தங்கையை ஒருவரும் கட்டிக்கொண்டதைத் தவிர அவர்களுக்குள் பொதுவாக ஒரு குற்றமும் கிடையாது. ஆனாலும் ஆயுசு முழுக்க ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த இரண்டு சகலைகளும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். பெரியவர் அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டுபவர். சின்னவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். முதல் இரண்டு வருஷம் வெயிலையும் மழையையும் பற்றிப் பேசியே காலத்தை ஓட்டினார்கள். அதிலும் பேச்சு தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேறு வழியில்லாமல் பெரிய சகலை அலமாரியிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்து ஓடவிட்டார். அது ஏதோ ஒரு படத்தின் பின்னணி இசை. பாட்டு ஒன்றுகூட இல்லை. எண்பது பேர் சேர்ந்து வாசித்தது. முதல் பக்கம் முடிந்தபோது சின்னச் சகலை, "திருப்பிப் போடுங்கண்ணே" என்றார். அன்றைக்குப் பிடித்த பிடி, பதினாறு வருஷமாக விடவில்லை.

இப்போது அலமாரியில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாமே படங்களின் பின்னணி இசை. ஒரு படத்தையும் இருவரும் பார்த்ததில்லை, பார்ப்பதும் இல்லை. பார்த்துவிட்டால் இசைக்குள்ளே யாரோ ஒரு நடிகர் வந்து நின்றுகொள்வார் என்பது பெரிய சகலையின் கட்சி. படம் பார்க்காததால் எந்த இசை எந்தக் காட்சிக்கு என்று வாய் வலிக்க வாதாடலாம். அடுப்படியில் அக்காவும் தங்கையும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பாட்டே இல்லாத தட்டு, படமே பார்க்காத ரசிகர்கள், இவர்களுக்குச் சோறு போடாமலே ஏப்பம் வரும் என்பாள் தங்கை.

எல்லாவற்றிலும் உசத்தி அந்த முதல் தட்டுதான். அந்தப் படம் மூன்று நாள் ஓடியதாம். தட்டு பெரியவரிடம் முப்பது வருஷமாக ஓடுகிறது. அட்டையில் சிவப்பு மை அரை மில்லிமீட்டர் விலகி அச்சாகியிருப்பதை, தொழில் புத்தியில், பெரிய சகலை ஒவ்வொரு தடவையும் காட்டுவார். கடைசித் துண்டு ஏழு நிமிஷம். முதலில் இரண்டு கொம்பு வாத்தியங்கள் தூரத்தில் பேசிக்கொள்ளும். செல்லோக்கள் அந்தப் பேச்சை வாங்கி, கனம் தாங்காதவை போல வயலின்களிடம் கொடுக்கும். வயலின்கள் அதை மேலே மேலே கொண்டுபோய், கடைசியில் எல்லாக் கம்பிகளும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அப்போது, அந்த எண்பது பேரில் அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த ஒருவர், மூன்று மூலையாக வளைத்த சின்னக் கம்பியை ஒரே ஒரு தடவை தட்டுவார். டிங். அவ்வளவுதான். அந்த ஒரு மணிக்காகத்தான் ஏழு நிமிஷமும்.

யாரோ வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள், அதுதான் அந்த மணி என்பார் பெரியவர். இல்லை, யாரோ யாரையோ போகவிட்டுவிட்டார்கள் என்பார் சின்னவர். ஜனங்கள் எழுந்து இருட்டில் செருப்பைத் தேடுகிற நேரத்துக்குப் போட்டதாக இருக்கும் என்பாள் அக்கா.

பெரிய சகலை தட்டுகளை யாருக்கும் இரவல் தரமாட்டார். ஆனால் சின்னச் சகலை கால் எலும்பு முறிந்து ஒரு மாதம் வீட்டில் கிடந்தபோது, அந்த முதல் தட்டையே துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி தானே கொண்டுவந்து கொடுத்தார். கால் கூடியதும் தட்டு பத்திரமாகத் திரும்பிப் போனது. வினை அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

கடைசித் துண்டு ஓடியது. கம்பிகள் நின்றன. மணி அடித்தது. சின்னச் சகலை சுகமாக மூச்சு விட்டார். பெரிய சகலை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னும் காத்திருந்தார். தட்டு ஓடி முடிந்து ஊசி நடுவில் சுற்றத் தொடங்கியது.

"மணி எங்க சகல?"

முதலில் விளையாட்டு என்றுதான் சின்னவர் நினைத்தார். பெரியவர் திரும்பவும் போட்டார். மணி திரும்பவும் அடித்தது. அவர் முகத்தில் அது படவே இல்லை.

"உன் பிளேயர்ல ஊசி மாத்தி எத்தன நாளாச்சு?"

தேய்ந்த ஊசி தட்டின் கோடுகளைச் சுரண்டும். மேல் சுரங்கள்தான் முதலில் போகும். இது தட்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம். அந்தப் பாடத்தைப் பெரிய சகலை இப்போது நிதானமாக ஒப்பித்தார். குரலை உயர்த்தவில்லை. ஒரு மாதத்தில் என் தட்டை மொட்டை அடித்துவிட்டாயே என்று அவர் சொல்லாததையெல்லாம் முகம் சொன்னது.

சின்னச் சகலைக்கு நொடியில் விளங்கிவிட்டது. அவர் தொழிலே அதுதானே. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண் நன்றாகத் தெரிகிறது என்று சாதிப்பார்கள். விளக்கு சரியில்லை, எழுத்து சரியில்லை, அட்டையில் தூசி என்பார்கள். சிலர் எழுத்து வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து மடமடவென்று சொல்வார்கள். பெரிய சகலையும் மனப்பாடம்தான். முப்பது வருஷம் அச்சு மிஷின் பக்கத்தில் நின்ற காது. எங்கே தலையாட்ட வேண்டும் என்று அந்தத் தலைக்கு அத்துப்படி. இந்த மணியையும் எத்தனை நாளாக ஞாபகத்தில் அடித்துக்கொண்டிருந்தாரோ. ஒரு மாதம் தட்டு கையில் இல்லாமல் இருந்ததில் அந்த மனப்பாடம் நழுவிவிட்டது.

மணி அடிக்கிறது அண்ணே, உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கண்ணைப் பற்றி முன்பின் தெரியாத ஆட்களிடம் தினம் பத்துத் தடவை சொல்கிற செய்திதான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ரெண்டு வருஷம் இருக்கும்ணே. மாத்தல. என் தப்புதான்."

பச்சைப் பொய். ஊசியை ஆறு மாதம் முன்புதான் மாற்றியிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தது. ஆனால் அலமாரி பூட்டியிருந்தது. எந்தத் தட்டு என்று பெரியவரே தீர்மானித்து, அவரே எடுத்து, அவரே வைத்தார். முதல் தட்டை எடுக்கவே இல்லை. உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, என் சகலையிடம் பொருள் கொடுத்தால் குரங்கு கையில் பூமாலைதான் என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னச் சகலையும் சிரித்துவைத்தார்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். ஊசி வாங்கியபோது அவளும் கூட இருந்தாள். செய்யாத தப்பை ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள். அவர் காது விஷயத்தைச் சொன்னார். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. அக்கா இரண்டு வருஷமாகவே அந்த வீட்டில் கத்தித்தான் பேசுகிறாள் என்றாள். டிவி சத்தம் தெருமுனைவரை வருகிறது. மிஷின் கிறீச்சிடுகிறது என்று அச்சகத்தில் எல்லோரும் சொல்ல, இவர் மட்டும் இல்லை என்று சாதித்து ஓட்டி, உள்ளே ஒரு உருளையே பாழாகிவிட்டதாம். டாக்டரிடம் போகலாம் என்று அக்கா வாயெடுத்தால், நூறு தட்டைக் கேட்டுத் தரம் பிரிக்கிற காது இது என்று வாயை அடைத்துவிடுகிறாராம்.

"நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள்.

"நான் சொன்னா வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு."

அந்தப் பயம் சும்மா இல்லை. சின்னச் சகலைக்குக் கடையும் வீடும் விட்டால் போக்கிடம் என்று ஒன்று கிடையாது. சேர்ந்து உட்கார்ந்து கேட்க உலகத்தில் அவருக்கு இருந்தது இந்த ஒரே ஆள். மனிதர் கோபித்துக்கொண்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

வேலையில் இருக்கும்போதுதான் வழி தோன்றியது. கண்ணாடிக் கடையில் யாரிடமும், உங்களுக்குப் பார்வை குறைந்துவிட்டது என்று முதலிலேயே சொல்வதில்லை. ஒரு வில்லையை வைத்து, எடுத்து, இன்னொன்றை வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பார்கள். மாற்றி மாற்றிக் கேட்கக் கேட்க, நாற்காலியில் இருப்பவர் தானே கண்டுபிடித்துக்கொள்வார். தானே கண்டுபிடித்தது கொஞ்சம் குறைவாக வலிக்கும்.

பழைய தட்டு வியாபாரிகளை இரண்டு மாதம் விரட்டி, அதே தட்டில் உறை பிரிக்காத ஒரு பிரதியைப் பிடித்தார். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை படியேறியபோது கால் பின்னால் இழுத்தது. முறிந்த கால் இல்லை, நல்ல கால்.

பெரிய சகலை புதுத் தட்டைப் பார்த்துக் குழந்தையாகிவிட்டார். அட்டையைத் திருப்பிப் பார்த்து, இதிலும் சிவப்பு விலகித்தான் இருக்கிறது, அந்த அச்சுக்காரனுக்கு அன்றைக்குத் தூக்கம் போதவில்லை என்றார். நீயும் தப்பைத் திருத்திக்கிட்டயே, போகட்டும் என்று தோளில் தட்டினார். சின்னவருக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

தட்டு ஓடியது. கொம்புகள் பேசின. செல்லோக்கள் வாங்கின, வயலின்கள் ஏறின. கம்பிகள் நின்றன. மணி அடித்தது. புதுத் தட்டு, ஒரு தூசு இரைச்சல்கூட இல்லாமல், பக்கத்திலேயே தட்டியதுபோல் அவ்வளவு சுத்தமாக அடித்தது.

பெரிய சகலை காத்திருந்தார். ஊசி நடுவுக்குப் போனது. எழுந்து, அலமாரியைத் திறந்து, பழைய தட்டை எடுத்துக் கடைசித் துண்டை மட்டும் போட்டார். பிறகு திரும்பவும் புதுத் தட்டு. மூன்றாவது தடவை முடிந்தபோது அவர் ஊசியைத் தூக்கி வைத்தார்.

"உனக்குக் கேக்குதா சகல?"

சின்னவர் நேராக அவர் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் உரக்கச் சொன்னார். "கேக்குதுண்ணே."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

"அப்ப அந்த ஊசி?"

"நல்ல ஊசிதான். அதுக்கு ஆறு மாசம் முன்னாடிதான் மாத்தியிருந்தேன்."

பெரிய சகலை நாற்காலியில் உட்கார்ந்தார். தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் மை. "பத்துப் பேர் முன்னாடி உன்னக் குரங்குன்னு சொன்னேன்" என்றார். "எதுக்குய்யா பேசாம வாங்கிக்கிட்ட?"

பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ளச் சின்னவருக்கு மனம் வரவில்லை. "பயம்ணே. சொன்னா கூப்பிடமாட்டீங்கன்னு."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. பெரியவர் அடுப்படிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அக்கா கையைத் துடைத்தபடி வந்து வாசற்படியில் நின்றாள். பின்னால் தங்கை.

"எதாவது பேசு" என்றார். "எப்பவும் பேசுற மாதிரி."

அவள் இரண்டு தட்டுகளையும் பார்த்தாள், இரண்டு ஆண்களையும் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"எப்பவும்னா?" என்று உரக்கக் கேட்டாள். "உங்ககிட்ட பேசுற மாதிரியா, மத்தவங்ககிட்ட பேசுற மாதிரியா?"

"மத்தவங்ககிட்ட பேசுற மாதிரி" என்றார்.

அவள் பேசினாள். தங்கையிடம் அடுப்படியில் பேசுகிற அதே குரல். அந்தக் குரல் அப்படித் தணிவாக, கொஞ்சம் இழைந்து வரும் என்பதைச் சின்னச் சகலையே மறந்துபோயிருந்தார். பெரிய சகலை கண்ணை இமைக்காமல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் இந்தப் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னா சகல?"

அதைக் கத்திச் சொல்ல முடியாது. சின்னச் சகலை எழுந்து, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, காதோடு காதாகச் சொன்னார்.

"உங்ககிட்ட மெதுவா பேசி ரெண்டு வருஷமாச்சாம். கத்திச் சொல்ல முடியாததெல்லாம் உள்ளயே கெடக்காம்."

பெரிய சகலை மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, நாளைக்கு அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் போகலாம் என்றார். தன் குரல் எவ்வளவு என்று தெரியாமல், மிகவும் உரக்கச் சொன்னார்.