டன் இல்லாத கர்னல்

திங்கட்கிழமை காலை யோகப்பிரியாவுக்கு விபிஎன் இணையவில்லை. மீனாட்சிபுரத்து வீட்டிலிருந்தபடியே கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்துவந்தாள். விபிஎன் இணைந்தால்தான் கம்பெனியின் கணினிகளுக்குள் நுழைய முடியும். அடிக்கடி தொடர்பு அறுந்துபோனதால் மேலாளர் கடிந்திருந்தார்: இன்று பத்து மணிக்குள் உள்ளே வராவிட்டால், வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதி ரத்து. அனுமதி போனால் வேலையும் போகும். மகளை வெளியூர் விடுதியில் விடுவதில்லை என்று அப்பா சென்னியப்பன் முன்பே முடிவாகச் சொல்லிவிட்டார்.

"அண்ணா, என்ற லேப்டாப்ப என்ன பண்ணுன?"

ஆனந்தகுமார் பல் துலக்கிக்கொண்டே வந்தான். அவளைப் போலவே கணினி படித்தவன்; வேலை கிடைக்கவில்லை. தங்கையின் வேலையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான்.

"ஆமையாட்டம் நகந்துது. நேத்துப் புதுசா கர்னல் கட்டிப் போட்டேன். வேண்டாததையெல்லாம் கழிச்சுட்டேன். இப்ப எப்படிக் கெளம்புதுன்னு பாரு."

"கெளம்பி என்ன பண்றது? விபிஎன் வரலையே."

"உன்ற கம்பெனி சாப்ட்வேர் ஓட்டையா இருந்தா அதுக்கு நானா பொணை?"

அவள் பிழைச் செய்தியைப் படித்தாள். விபிஎன் மென்பொருளுக்கு, கணினியில் இல்லாத ஒரு நெட்வொர்க் கார்டை இருப்பதுபோலக் காட்ட வேண்டும். அதைச் செய்வது, கணினியை இயக்கும் மைய நிரலான கர்னலிலுள்ள 'டன்' என்ற பகுதி. அந்தப் பகுதியே இல்லை.

"எது வேண்டாததுன்னு எப்படிக் கண்டுபுடிச்ச?"

"அதுக்கொரு கமாண்டு இருக்குது. அந்நேரத்துக்கு எது ஓடுதோ அத மட்டும் வெச்சுக்கும்."

"நேத்து ஞாயித்துக்கெழம. ஆபீஸ் லீவு. விபிஎன் எப்படி ஓடும்? இன்னைக்குப் பால் தரலைன்னு செனை மாட்டையெல்லாம் சந்தைக்கு ஓட்டியுட்டிருக்கற. நீயெல்லாம் மாடு வெச்சிருக்கற ஊட்டுல பொறந்தவன்!"

சொசைட்டிக்குப் பால் கேனோடு கிளம்பிய சென்னியப்பன் சிரித்துவிட்டார். ஆனந்தகுமாரின் முகம் கறுத்தது.

"பழைய கர்னல் எங்க?" என்றாள்.

"அழிச்சாச்சு."

"ரூட் பாஸ்வேர்டையும் மாத்தி வெச்சிருக்கற. அது இல்லாம உள்ள எதையும் மாத்த முடியாது. அதையாவது சொல்லு."

"தப்பு கம்பெனி சாப்ட்வேர்லன்னு உன்ற மேனேஜருக்கு மெசேஜ் போடு. அப்பறம் சொல்றேன்."

"அப்பா, இவனச் சொல்லச் சொல்லுங்க."

சென்னியப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பெரியவன் சொல்றாப்புல ரெண்டு வரி போட்டா கொறஞ்சா போயிருவ? போடு. வேல போனாத்தான் என்ன, கட்டுத்தறில மாடு இல்லையா?"

அதன்பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. லேப்டாப்பை அணைத்துத் திறந்தாள். தொடக்கத் திரையிலேயே நிறுத்தி, அங்கிருந்த வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்து, பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போய் ரூட் பாஸ்வேர்டை மாற்றினாள். அவன் கட்டிய கர்னலின் சோர்ஸ், அதாவது மூல நிரல், இன்னும் டிஸ்கில் கிடந்தது. முழுவதையும் மறுபடி கட்டினால் மதியமாகிவிடும். டன்னை மட்டும் தனித் துண்டாகக் கட்டத் தொடங்கினாள்.

"அப்படியெல்லாம் ஒட்டாது புள்ள. வெர்ஷன் ஒதைக்கும்."

"நீ கட்டுன சோர்ஸ்தான? ஒதைச்சா உன்னையத்தான் ஒதைக்கும். வெளிச்சத்த மறைக்காம நகரு."

துண்டு ஒட்டியது. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுச் சென்னியப்பன் காலிக் கேனோடு திரும்பியபோது விபிஎன் இணைந்தது. மேலாளர் போனில் வந்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நேரத்துக்கு வந்துட்டீங்க. சரி, வீட்ல இருந்தே தொடருங்க."

ஆனந்தகுமார் அப்பாவைப் பார்த்து மார்பைத் தட்டிக்கொண்டான். "என்ற கர்னல்லதான் ஓடுது, பாத்துக்குங்க."

யோகப்பிரியா போனை அருகில் இழுத்தாள். "வேண்டாங்க சார். அடுத்த வாரத்துலருந்து நான் ஆபீசுக்கே வந்தர்றனுங்க. எனக்கொரு சீட் ஒதுக்கி வெச்சிருங்க."

"ஆரக் கேட்டுச் சொல்ற?" சென்னியப்பன் கேனை ணங்கென்று கீழே வைத்தார்.

"சத்தம் போடாதீங்கப்பா. மேனேஜர் லைன்ல இருக்கறாரு."