சைப்ரஸ் கல்லும் ஒரு தீக்குச்சியும்

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்யும் சுதாகர் கொளுத்திப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டான். யார் நூல் கொண்டுவந்தாலும் ஓர் இழையை உருவித் தீக்குச்சியைக் கிழித்து மோந்து பார்ப்பான். முடி கருகின வாடை வந்தால் பட்டு. பிளாஸ்டிக் வாடை வந்தால், கொண்டுவந்தவன் செருப்பைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். தங்கைக்கு வரும் மாப்பிள்ளைகளை மட்டும் இப்படிப் பார்க்க வழியில்லையே என்று அவனுக்குப் பெரிய குறை.

குறை இருக்காதா? போன வருஷம் தங்கை நிலாவுக்கு அவனே தேடிப் பிடித்து நிச்சயம் செய்த சிங்கப்பூர் இன்ஜினீயருக்கு, அங்கே பெண்டாட்டியும் பிள்ளையும் இருந்தார்கள். பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. பாவிப்பயல்! சேத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லித்தரும் நிலா, அதற்குப் பிறகு இந்த ஒரு தடவைதான் சம்மதித்திருந்தாள். இதுவும் தட்டிப்போனால் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். அதனால் அந்தப் பழைய நிச்சயத்தைப் பற்றி, இப்போது பெண் பார்க்க வரும் போளூர்க்காரர்களிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று சுதாகர் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தான்.

போளூரிலிருந்து வந்த மாப்பிள்ளை சந்தோஷுக்கு சைப்ரஸ் தீவில் பாறைகளை ஆராயும் வேலையாம். அப்பா ராஜவேலுவோடு வந்தவன், பூ பழத் தட்டோடு ஒரு கண்ணாடி டப்பாவையும் மேஜைமேல் வைத்தான். சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு பச்சைக் கல்.

“இன்னா வேணும்னு போன்ல கேட்டாரு, ஒரு கல்லு கொண்டாங்கன்னேன்” என்றாள் நிலா. அவள் முகத்தில் இத்தனை சிரிப்பைப் பார்த்து வெகுநாளாயிற்று. அதனாலேயே, இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று சுதாகர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“டப்பாவ மட்டும் தொறக்காதீங்க சார், அந்தத் தூசி நல்லதில்ல” என்றான் சந்தோஷ்.

தூசியாம்! தறி ஓடும் வீட்டில் பிறந்து வளர்ந்தவனிடம் தூசியைப் பற்றிப் பேசுகிறான். சுதாகர் மீசையைத் தடவிக்கொண்டான்.

“எங்க எடுத்தீங்க தம்பி?”

“அந்தத் தீவுலயே உசரமான மலை. அது உச்சியில. ஆனா இது கடலுக்கு அடியில, கடல் தரைக்கும் ரொம்பக் கீழ கிடந்த கல்லுங்க.”

“அடியில கிடந்தது உச்சிக்கு எப்படிப் போச்சு? பஸ் ஏறிப் போச்சா?”

“அந்தக் கடல் தரை உண்டாகி ஒம்பது கோடி வருஷம் ஆவுது. அப்புறம் ஆப்பிரிக்கா வடக்கால நகர்ந்துகினு வந்து, அதுக்கு அடியில தலையக் குடுத்துத் தூக்கிடுச்சு. கல்லுக்குள்ள தண்ணியும் பூந்துச்சு. தண்ணி சேந்ததும் கனம் குறைஞ்சு, மேல இருந்ததையெல்லாம் முட்டிகினு இது உச்சிக்கு வந்துடுச்சு.”

மாட்டிக்கொண்டான்! சுதாகருக்கு மற்றதெல்லாம் புரியவில்லை, ஆனால் கனம் புரிந்தது. நூலில் ஈரம் ஏற்றி எடை காட்டும் கில்லாடிகளை அவன் பார்க்காததா? தண்ணீர் சேர்ந்தால் கனம் கூடும். குறைகிறது என்கிறவன் எதைத்தான் சொல்ல மாட்டான்? அப்பன்காரரும் வந்ததிலிருந்து காப்பியைத் தொடாமல் சுதாகரையே முறைத்துக்கொண்டிருந்தார். ஏதோ இருக்கிறது.

“உள்ள பொம்பளைங்க பாக்கணுமாம்” என்று டப்பாவை எடுத்துக்கொண்டு பின்அறைக்குப் போனான். கிட்டத்தில் பார்த்தால், கல்லின் வெடிப்பில் வெள்ளை இழைகள் பளபளவென்று அடுக்கடுக்காக இருந்தன. கல்லில் நூலா! பிளேடால் டேப்பைக் கீறி, ஒரு கொத்தைப் பிய்த்து எடுத்தான். விரலில் பட்டு மாதிரியே பிரிந்தது. தீக்குச்சியைக் கிழித்தான். எரியவில்லை, கருகவில்லை, ஒரு வாடையும் இல்லை. அடப்பாவி, எந்த ஃபேக்டரிச் சரக்கைக் கல்லில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான்!

திறந்த டப்பாவோடு கூடத்துக்கு வந்து, இழையை எல்லார் முன்னாலும் ஆட்டினான். “இது எந்த ஊர் மில்லுல செஞ்சது தம்பி? கல்லுல நூலு விட்டவன் நீதான்யா!”

சந்தோஷ் வெளுத்துப்போனான். “மச்சான், மூச்சு விடாதீங்க!” என்று பாய்ந்துவந்து, தன் கைக்குட்டையால் சுதாகரின் மூக்கைப் பொத்தினான். டப்பாவை மூடிவிட்டு, “எல்லாரும் ஜல்தியா வெளிய போங்க!” என்று கத்தினான். ஈரத் துண்டால் மேஜையையும் தரையையும் துடைத்து, டப்பாவை அதிலேயே சுருட்டிக் கட்டிவைத்தான். பிறகு வாசல் குழாயடியில் சுதாகரின் கையைப் பிடித்து விரல் விரலாகக் கழுவினான்.

“அது ஆஸ்பெஸ்டாஸுங்க, கூரை ஷீட்ல சேப்பாங்களே. எரியாது. ஆனா அந்தத் தூசி நெஞ்சுல போய்த் தங்கிடும். ஒருவாட்டிக்கு பயப்படாதீங்க. தப்பு என்மேலதான், இன்னும் வெளக்கமா சொல்லியிருக்கணும்.”

சுதாகருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. “தண்ணி குடிச்சா கனம் எப்படிங்க குறையும்?”

“நனையறது வேற மச்சான். இது தண்ணிய சேத்துகினு வேற கல்லாவே மாறி உப்பிடுச்சு. ஒரு படி அரிசியையும் ஒரு படி பொரியையும் தூக்கிப் பாருங்க.”

சுதாகருக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் ராஜவேலுவுக்குக் கோபம் தீரவில்லை.

“பொய் சொல்லி எங்க பொருள எடுத்துகினு போய்ப் பிரிச்சுப் பாக்கறீங்க. நாங்க இன்னா திருடங்களா? டேய் சந்தோஷ், கெளம்பு.”

நிலா கதவோரம் நின்று அண்ணனையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. இந்தச் சம்பந்தமும் கைநழுவிப் போகிறதே! நாமே கெடுத்துவிட்டோம் என்று சுதாகர் தன்னையே நொந்துகொண்டான். வேறு வழி தெரியவில்லை.

“இருங்க ஐயா. போன வருஷம் என் தங்கச்சிக்கு நிச்சயம் ஆயி நின்னுபோச்சு. மாப்பிள்ளை ஏற்கெனவே கல்யாணம் ஆனவன். நான்தான் பாத்தேன், நான்தான் ஏமாந்தேன். உங்ககிட்ட மறைக்கச் சொன்னதும் நான்தான். அதுலேர்ந்து எனக்கு ஒருத்தரையும் நம்ப முடியல.”

ராஜவேலு மாட்டியிருந்த செருப்பை மெதுவாகக் கழற்றினார்.

“இந்தப் பொண்ணு மொத வாட்டி பேசினப்பவே என் பையன்கிட்ட சொல்லிடுச்சு. எங்களுக்குத் தெரியும்யா. பெரியவன் நீ சொல்றியா, மறைக்கிறியான்னு பாக்கத்தான் காப்பிகூடத் தொடாம உக்காந்துகினு இருந்தேன்.”

சுதாகர் கை கூப்பினான்.

“நிலாம்மா, உள்ள இருக்கிற காப்பியில தூசி விழுந்திருக்கும், எல்லாத்தையும் கொட்டிடு” என்றார் ராஜவேலு. “புதுசா போட்டு எடுத்துகினு வா. இங்க வாசல்லயே குடிக்கலாம்.”